மரக்கிடங்கின் மேல் வட்டமிட்ட பருந்துகள்

மச்சான்,

இன்று காலை எண்ணெய் ஸ்டோரைத் திறக்கப் போனேன். சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. குனிந்து பார்த்தால், துவாரத்தை ஈர மண் வைத்து அடைத்திருந்தது ஒரு குளவி. எனக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வாங்கப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் நேரம். "குத்தி எடுங்க சார், சங்கு ஊதிடப் போறான்" என்றான் ஒருவன். நான் அவசரப்படவில்லை. பேனாக்கத்தியால் மண்ணைச் சிதறாமல் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பிட்டுப் பார்த்தேன். நாலைந்து பச்சைப் புழுக்கள், அசையாமல், ஆனால் சாகாமல் கிடந்தன. "கொட்டிக் கொட்டி அத்தெல்லாம் குளவியாக்கிடும் சார்" என்றான் இன்னொருவன். "ஆவாது. இத்தெல்லாம் குளவிக் குஞ்சுக்குச் சோறு. இதோ தொங்குது பாரு முட்டை" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே திகைப்பாக இருந்தது. வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் தேறியவன் பேசுகிற பேச்சா இது? அது உன் பேச்சு. கையில் இருந்த மண்ணும் நீ சொல்லிப் பிட்ட மண்தான். நான் தங்கவயலுக்கு வந்த முதல் வருஷம் என் மூங்கில் பேனாக்கூட்டுக்குள் இதே போல ஒரு குளவி மண் வைத்தது. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவி தன் இனமாக்கிவிடும் என்று பள்ளியில் படித்ததை நான் உனக்கு எடுத்துச் சொன்னேன். பிரசங்கம் போலச் சொன்னேன். நீ கடைசி வரை கேட்டுவிட்டு, கூட்டை விரலால் நசுக்கி என் முன்னால் நீட்டினாய். "படிச்சவன் சொன்னான்னு வுட்டுடாத மாப்ள. பிட்டுப் பாரு."

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னைப் பற்றி இங்கே யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதப் பழகியவன் நான் ஒருவன். என்னிடமும் இத்தனை நாள் எண்ணெய்க் கணக்கைத் தவிர வேறொன்றும் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதையும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீ என் மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே வயது. நமக்குள் மரியாதைச் சொல் கல்யாணத்தன்று ஒரு நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே போய்விட்டது. நான் மரக்கிடங்கில் கணக்கெழுதும் ரைட்டர். நீ சுரங்கத்துக்குள் மேற்பாறை விழாமல் முட்டுமரம் நிறுத்துகிற டிம்பர்மேன். கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் உன் கதவும் என் கதவும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு மூங்கில் தட்டிச் சுவர். பின்பக்கம் கம்பி வேலி, அதற்கு அப்பால் என் மரக்கிடங்கு. ஒரே கூரையின் கீழ் இருந்தும், உன்னோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுவதை என் மேலதிகாரி பெரிய ரைட்டர் பார்த்துவிடப் போகிறார் என்று முதல் இரண்டு வருஷம் நான் வாசலில் நாற்காலி போட்டதில்லை. இதை நீ அறிவாய். அறிந்தும் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது.

சொல்லிக் காட்டவில்லையே தவிர, நீ சும்மா இருந்தவனும் அல்ல. லைனைச் சுற்றிப் பறக்கிற ஒவ்வொன்றுக்கும் மைனில் ஒரு உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தாய். மேலே வட்டமிட்டுக்கொண்டு கீழே எவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற பருந்து, துரை. விடியுமுன் வேலிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்து, அந்தத் துரையையே துரத்தி அடிக்கிற கரிச்சான், வாட்ச்மேன். என்ஜின் வீட்டுக் கூரைக்கடியில் கூடு கட்டி, தரையில் காலே வைக்காமல் நாளெல்லாம் பறக்கிற உழவாரன், லீவு எடுக்காத கூலி. ஐப்பசியில் வந்து கூரையோரம் நடந்து திரிகிற வாலாட்டிக் குருவிக்கு மட்டும் 'ரைட்டர்' என்று பேர். காரணம் கேட்டேன். "சுத்தமா உடுத்திகினு, மண்ணு படாம நடந்துகினு, எவனாச்சும் எதிர்ல வந்தா வாலை ஆட்டுது. வேற இன்னா பேரு வெக்கறது மாப்ள?" என்றாய். உன் தங்கை அடுப்படியில் சிரித்தாள். ஒரு மாதம் நான் உன்னோடு பேசவில்லை.

சுரங்கத்திலிருந்து ஆளேற்றி வரும் கேஜ் மேலே வந்து நின்றதும் எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். நீ மட்டும் இரண்டடி தள்ளி நின்று, தலையை அண்ணாந்து, கண் கூசுவது நிற்கும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். "இன்னாடா மேல தெரியுது, உன் மாமியார் வூடா?" என்று ஒருவன் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "இல்லடா. கூரை இல்லைன்னு பாத்துக்கறேன்" என்றாய். எட்டு மணி நேரம் தலைக்கு மேல் இருக்கிற கல்லையே கவனித்துக்கொண்டிருந்தவன் அப்படித்தான் சொல்வான். எனக்கு அது அப்போது வேடிக்கையாகப் பட்டது.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். நடந்து எட்டு வருஷம் ஆகிறது. எலெக்ட்ரிக் விளக்கு இங்கே வருவதற்கு முன்பு.

அந்தத் தை மாதம் மலைக்காட்டிலிருந்து ரயிலில் முட்டுமரம் வந்து இறங்கியது. வந்த மரத்தை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும்; நல்ல மரம் கணீரென்னும், உளுத்தது தொப்பென்னும். கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தில் 'தகும்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் வண்டிகளைக் காலி செய்து திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று பெரிய ரைட்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அவரை இங்கே பெயர் சொல்லி எழுதும் மரியாதையை நான் அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. அந்த வருஷம் எனக்கு இரண்டாம் ரைட்டர் உத்தியோகம் வருவதாகப் பேச்சு இருந்தது. அது அவர் வாயில் இருந்தது. மரத்தை அடுக்கிய பிறகு மேலடுக்கை மட்டும் தட்டினேன். எல்லாம் கணீரென்றன. முழு அடுக்குக்கும் 'தகும்' என்று எழுதினேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. பூதிகோட்டைப் பக்கம் வானம் கறுத்து, மத்தியானம் முதல் மழை கொட்டியது. பொழுது சாயும் முன் வெளுத்துவிட்டது. ஈசல் கிளம்பியது. லைன் பெண்கள் முறமும் குண்டானும் ஈரத் துணியுமாக ஓடினார்கள். நம் வடாற்காட்டு ஜனம் எங்கே போனாலும் முதல் மழைக்கு ஈசல் வறுக்காமல் இருக்காது. அன்று ஈசல் வெட்டவெளியில் கிளம்பியதை விட என் மரக்கிடங்கில்தான் அதிகம். வேலிக்கு வெளியே பெண்கள் நின்று கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சாவியை எடுத்துப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க" என்று கல்யாண வீட்டுக்காரன் போல நின்றேன். "கம்பெனி இன்னிக்கு விருந்து போடுதுடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நீ முறம் எடுக்கவில்லை. உன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் ஈசலைப் பார்த்தோம். நீ ஈசலைத் தின்ன வந்தவற்றைப் பார்த்தாய். பருந்துகள் வட்டமிட்டு, பறந்துகொண்டே ஈசலைக் காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோயின. பஞ்சுருட்டான், கரிச்சான், காக்கை, உழவாரன் எல்லாம் ஒரே இடத்துக்கு மேல் குவிந்திருந்தன. அந்த இடம் எதுவென்று நீ பார்த்தாய். பிறகு கிடங்குக்குள் நடந்து போனாய். நான் அதைக் கவனித்தேன்; எதற்கென்று கேட்கவில்லை.

உன் தங்கை ஈசலைச் சிறகு போகப் புடைத்து, அரிசியும் உப்பும் போட்டு வறுத்து, தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். நான் இரண்டாவது கை அள்ளிப் போட்டுக்கொண்டபோது நீ உள்ளே வந்து எதிரில் குந்தினாய்.

"இன்னா மாப்ள, உன் மரம் ருசியா கீதா?"

"மரமா? ஈசலை வைத்துக்கொண்டு மரம் என்கிறாயே."

"நீ துன்றது ஈசலு. ஈசலு துன்னது இன்னா?"

"அண்ணா, சாப்புடுறப்போ இன்னாத்துக்கு வம்பு?" என்றாள் உன் தங்கை.

"வம்பு இல்லம்மா. கிடங்குல தரை முழுக்கக் கல்லு கொட்டி இறுக்கினது. புத்து ஏது அங்க? மண்ணுலேருந்து கிளம்பல. அடுக்குக்குள்ளேருந்து, ரெண்டாம் வரிசை மரத்து இடுக்குலேருந்து கிளம்புது. நான் கைய வெச்சிப் பாத்தேன்."

என் வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கோபம்தான் வந்தது. "புத்தகத்தில் 'தகும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றேன்.

"உன் கையெழுத்த நிறுத்தி மேல இருக்கிற கல்லைத் தாங்க வெக்க முடியுமா?" என்றாய். பிறகு தணிந்த குரலில், "மரம் வந்த அன்னிக்கி நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இங்கதான் படுத்துகினு இருந்தேன். நீ தட்டுன சத்தம் காதுல வுழுந்துச்சு. கொஞ்சமாத்தான் வுழுந்துச்சு" என்றாய்.

அந்த மரம் திங்கட்கிழமை காலை ஷிப்ட்டில் கீழே இறங்குவதாக இருந்தது. சுரங்கத்தில் புதிதாகத் தோண்டிய லெவலில் நீயும் உன் ஆட்களும் அதை நிறுத்த வேண்டும். அதன் கீழேதான் மற்றவர்கள் கல் உடைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாம் இருவரும் கிடங்குக்குப் போனோம். இரண்டாம் வரிசையில் ஒரு மரத்தை உருட்டி இறக்கி, கோடரியை என்னிடம் கொடுத்தாய். "நீயே பிள" என்றாய். மேலே ஒரு விரல் கனத்துக்கு நல்ல மரம். உள்ளே மண்ணும் தூளும், தேன்கூடு போல அறையறையாக. அடுத்த மரமும் அப்படியே. மூன்றாவதை நான் பிளக்கவில்லை, சுத்தியலால் தட்டினேன். அந்தச் சத்தம் போதும்.

மத்தியானம் பெரிய ரைட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "உமக்கு இதை யார் சொன்னது?" என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். ஈசலையும் பருந்தையும் சொன்னேன். அவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "என்னய்யா இது, காக்காய் சாஸ்திரமா? கூலிக்காரன் குருவி பார்த்துச் சொன்னான் என்று துரைக்கு எழுதுவீரா? படித்தவரய்யா நீர்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "கையெழுத்து உம்முடையது. இரண்டாம் ரைட்டர் காகிதம் என் மேஜையில் இருக்கிறது. நாலு உளுத்த மரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டிரும்" என்றார். எட்டு வருஷமாக அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. அவர் எதிரில் வந்தால் இன்றும் நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். அதற்கும் உன்னிடம் கற்ற பழக்கம் உதவுகிறது.

திங்கள் காலை மரம் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். நீ கிடங்குக் கதவுக்குக் குறுக்கே நின்றாய். "இந்த மரத்த நான் கீழ எறக்க மாட்டேன். எவனையும் எறக்க வுடவும் மாட்டேன்" என்றாய். மேஸ்திரி கத்தினான். "ஒரு நாள் மரம் இல்லாட்டி எல்லாருக்கும் வேலை கெடும்டா!" "வேலை கெட்டா நாளைக்கு வரும். நீ வருவியா?" என்றாய். முட்டுமர வேலைக்கு மேலாளான டிம்பர் துரை வந்தார். பின்னாலேயே பெரிய ரைட்டர் புத்தகத்தோடு வந்து, என் கையெழுத்தை விரல் வைத்துக் காட்டினார். மரம் முறைப்படி சோதிக்கப்பட்டது, இந்த ஆள் கலகக்காரன் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ ஒருவன்தான் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். மேலடுக்கை மட்டும் தட்டியவன் நான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாதம் அந்தக் கணமே ஜெயித்திருக்கும். உன் வேலைக்கும் ஆபத்து இருந்திருக்காது. நீ சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் எவனோ அவனிடமே விட்டுவிட்டாய்.

நான் போய்ப் பெரிய ரைட்டர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன். வாங்கினேன் என்பது சரியல்ல, பிடுங்கினேன். என் கையெழுத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதினேன்: மேலடுக்கு மட்டுமே என்னால் சோதிக்கப்பட்டது, கீழடுக்குகள் கரையான் அரித்தவை, கீழே இறக்கத் தகாது. மறுபடி கையெழுத்திட்டுத் துரையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ரம்பம் கொண்டுவரச் சொன்னார்.

அன்று அறுத்ததில் பாதிக்கு மேல் உள்ளே கூடாக இருந்தது. மரம் முழுவதையும் கிடங்கிலிருந்து வெளியேற்றி எரித்தார்கள். துரையை எதிர்த்து நின்றதற்காக உனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்றார்கள். நான்காம் நாளே ஆள் விட்டு அழைத்தார்கள், உன்னைப் போல முட்டு நிறுத்த வேறு ஆள் இல்லை. என்னை எண்ணெய் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேயே இருக்கிறேன். இரண்டாம் ரைட்டர் உத்தியோகம் பெரிய ரைட்டரின் தங்கை மருமகனுக்குப் போனது. மரத்தின் குறையைக் கண்டுபிடித்தவர் பெரிய ரைட்டர்தான் என்று மேலிடத்துக்கு எழுதிப் போனதாகவும், அதற்கு அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்ததாகவும் பின்னால் தெரிந்தது. நான் எதையும் மறக்கிறவன் அல்ல. மறக்கப் போவதும் இல்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தையும் நான் மறக்கவில்லை. முதல் முறையாக வாசலில் இரண்டு நாற்காலி போட்டேன். நீ நாற்காலியில் உட்காரத் தெரியாதவன் போல விளிம்பில் உட்கார்ந்தாய். பிறகு நீ, "இனிமே உன்னை ரைட்டர்னு கூப்புட முடியாது மாப்ள" என்றாய்.

"ஸ்டோரிலும் ரைட்டர்தான். ஏன் கூப்பிட முடியாது?"

"வாலு இல்லையே."

உன் தங்கை உள்ளேயிருந்து சிரித்தாள். இந்த முறை நானும் சிரித்தேன். என்னைப் பற்றி யாரும் எழுதாத சர்ட்டிபிகேட் அது. பாராட்டுக் கடிதம் பெரிய ரைட்டர் பீரோவில் இருக்கட்டும்.

நல்ல மரம் வந்தது. ஒவ்வொன்றையும் நீயே தட்டிக் கேட்டு இறக்கினாய். நீ நிறுத்திய முட்டு அந்த லெவலில் இன்றும் நிற்கிறது. என்னிடம் மெழுகுவர்த்தி வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் அதன் கீழேதான் நடந்து போகிறார்கள். அவர்களுக்கு உன் பேர் தெரியாது. எனக்குத் தெரியும், வத்தியைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் தெரியும்.

உன்னைக் கொண்டுபோனது மேற்பாறை அல்ல, நெஞ்சுக்குள் படிந்த கல்தூசு. கடைசி மாதம் கட்டிலை வெளியே போடச் சொன்னாய். இருமலில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "மேல இன்னா போவுது?" என்று கேட்பாய். நான் பார்த்துச் சொல்வேன். "துரை. தனியாகப் போகிறார். இல்லை, பின்னால் வாட்ச்மேன் துரத்துகிறான்." "எந்தப் பக்கம்?" "டம்ப் மேட்டுப் பக்கம்." கண்ணை மூடிக்கொண்டே, "அப்போ கரிச்சான் கூட்டுல குஞ்சு கீது" என்பாய். அடுத்த நாள் நான் மைன் கழிவு கொட்டிய அந்த மேடு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, குஞ்சு மூன்று என்று சொன்னேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் பறவைக்கூடு பார்க்க மேடு ஏறினான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று உன் முகத்தைப் பார்த்தவன் நான்.

கிடங்குக் கதவில் இப்போது ஒரு உத்தரவு ஒட்டியிருக்கிறது. முதல் மழைக்குப் பின் அடுக்கு முழுவதையும் இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று. கீழே பெரிய ரைட்டரின் பெயர். தாள்தானே, அதையும் கரையான் தின்னும்.

லைன் பெண்களுக்கு அந்தத் தாள் தேவைப்படுவதில்லை. முதல் மழை விட்டதும் முறத்தோடு வருகிறவர்கள் நேரே ஓடுவதில்லை. நின்று, அண்ணாந்து, பறவை எங்கே கூடுகிறது என்று பார்க்கிறார்கள். மரத்தின் மேல் கூடினால் ஒருத்தி ஓடிப்போய் டிம்பர்மேன்களின் வீட்டுக் கதவைத் தட்டுவாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று புதிதாக வந்தவர்களைக் கேட்டால் தெரியாது என்பார்கள்.

போன வாரம் இந்த வருஷத்து முதல் மழை. ஸ்டோரைப் பூட்டிவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தேன். நிதானமாக, கண் வலிக்கும் வரை பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது உன் தங்கை புடைத்த ஈசலை முறத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, மரத்து மேல?"

"ஒன்றும் இல்லை. எல்லாம் மேட்டுப் பக்கம்தான்."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன்."

அதற்குப் பிறகுதான் அவள் தீக்குச்சியைக் கிழித்தாள்.